ஜானு சொன்ன பொய்

‘96’ படத்தைப் பற்றிப் பேசப் புகுகின்றவர்கள் பெரும்பாலும் கைக்குட்டையும் கையுமாகவே புகுகிறார்கள். பிரிவாற்றாமையின் காவியம் என்றும், கைகூடாத பிரேமையின் கண்ணீர் என்றும், விமான நிலையத்துக் காட்சியில் தொண்டை அடைத்துக்கொண்டது என்றும் அவர்கள் அடுக்கிக்கொண்டே போகையில் நான் வாயைத் திறப்பதில்லை; ஏனெனில் இந்த விஷயத்தில் நான் சேர்ந்திருப்பது சிறுபான்மைக் கட்சி. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்த நாள் முதலாக அந்தப் படத்தை நான் ஒரு ஹாஸ்ய சித்திரமாகவே கொண்டாடி வருகிறேன். வயது வந்த ஆணும் பெண்ணும், பெயருக்கு ஒரு பழைய மாணவர் கூட்டத்துக்கென்று வந்து, உண்மையில் தங்கள் பத்தாம் வகுப்புக்கே திரும்பிப் போய், மறுநாள் விடியற்காலை விமானம் புறப்படும் வரையில் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிற வேடிக்கை அது. அழுகை அதன் முடிவிலே வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்திய நேரமெல்லாம் அந்தப் படம் சிரித்துக்கொண்டே இருக்கிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சிருங்காரத்திலிருந்தே ஹாஸ்யம் பிறக்கிறது என்று பரத முனிவர் வகுத்து வைத்தார். தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டினுள் நகையையே முதலில் நிறுத்தி, அது தோன்றும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகக் காட்டினார். இந்த நான்கில் எள்ளல் ஒன்றைத் தவிர ஏனைய மூன்றும் நம் திரையிலிருந்து ஏறத்தாழ விடைபெற்றுக்கொண்டுவிட்டன என்பது என் நெடுநாளைய மனக்குறை. ஒருவனை அவன் நிறத்துக்காகவோ பருமனுக்காகவோ மற்றொருவன் இழித்துரைக்க, அதைக் கேட்டு அரங்கம் அதிர்வதே நகைச்சுவை என்று நாம் பழகிப்போய்விட்ட காலத்தில், அதுவரையில் ஒளிப்பதிவாளராக மட்டுமே அறியப்பட்டிருந்த சி. பிரேம்குமார், ஒருவரையும் இழிவுபடுத்தாமல், இளமையையும் பேதைமையையும், கொண்டதை விடாது பற்றிக்கொண்டு நிற்கும் அந்த மடமையையும் மட்டுமே முதலாக வைத்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான ஒரு படத்தை நடத்திச் சென்றார் என்பது சாமானியமான காரியமன்று.

பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும் கதை உலகத்துக்குப் புதிதல்ல. ஆயினும் அந்தக் கதையை எடுத்தாண்டவர்கள் பலரும் முதற்காரியமாக ஒரு வேஷத்தைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் வந்த ‘நெவர் பீன் கிஸ்ட்’ படத்தில் ட்ரூ பேரிமோர், சிக்காகோ நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் இருபத்தைந்து வயதுப் பெண். செய்தி சேகரிக்கும் பொருட்டு மாணவி வேஷம் பூண்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து, அங்குள்ள ஆசிரியர் ஒருவர்மேல் மனத்தைப் பறிகொடுக்கிறாள். நம் நாட்டில் 2004-இல் ஃபரா கான் இயக்கிய ‘மை ஹூ நா’வில், ராணுவத்து மேஜராகிய ஷாருக் கான் டார்ஜிலிங் மலையில் உள்ள கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, சேலையின் தலைப்புக் காற்றில் பறக்க வேதியியல் ஆசிரியை சுஷ்மிதா சென் எதிர்ப்படும்போதெல்லாம் நிலை தடுமாறி நிற்கிறார். அதையே பெருமளவு அடியொற்றி 2008-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘ஏகன்’ படத்தில் அஜித் மாணவர், நயன்தாரா ஆசிரியை, கல்லூரி முதல்வராக நம் பெரும்பாவூர் ஜெயராம். ஷாருக் கானின் படத்தை வெறுப்பவன் அல்லன் நான். சதீஷ் ஷா எச்சில் தெறிக்கப் பாடம் நடத்துகிற காட்சிகளுக்காகவே அதை எப்போது போட்டாலும் பார்ப்பேன். ‘ஏகன்’ படத்தைக் குறித்துச் சொல்வதற்கு ஜெயராமைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

வேஷத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வேஷம் எப்போது கலையுமோ என்ற பதைப்பு, ரஸிகனை இருக்கையின் நுனிக்கு இழுத்துவந்துவிடும். ஆனால் அந்தப் பதைப்பு துப்பறியும் கதைக்கு உரியதேயன்றிக் காதலுக்கு உரியதன்று. முப்பது வயதுக்காரன் பதினேழு வயதுக்காரனாகத் தோற்றமளிப்பதில் வேடிக்கை சிறிது உண்டு. நாற்பதை நெருங்கிவிட்டவன், நரை கலந்த தாடியோடும் கனத்த உடம்போடும், எந்த வேஷமும் இல்லாமல், உள்ளபடியே பத்தாம் வகுப்புப் பையனாக இருந்துவிடுவதில் உள்ள வேடிக்கை அதனினும் பெரிது. பிரேம்குமார் கண்டுபிடித்தது இதைத்தான். தோளில் புகைப்படக் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் ராமச்சந்திரன், தஞ்சாவூர் வழியே போகிற போக்கில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, காவற்காரராக வரும் ஜனகராஜின் தயவால் வகுப்பறைகளையும் மரங்களையும் தொட்டுத் தடவிப் பார்க்கிற காட்சியிலேயே அவனுக்கு வயது குறையத் தொடங்கிவிடுகிறது; பிறகு சென்னையில் கூடும் கூட்டத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அவனுடைய பள்ளிக் காதலி ஜானு வந்து சேரும்போது அவன் முழுதுமாகப் பதினைந்து வயதுக்கு இறங்கிவிடுகிறான்.

பள்ளிக்கூடத்தில், அவள் கை தன் மார்பில் பட்டமாத்திரத்தில் மயங்கி விழுந்துவிட்ட சிறுவன் அவன். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவள் எதிரே வந்து நிற்கும்போது, அந்த ஆஜானுபாகுவான மனிதன் பின்வாங்கிக் கூசுவதைப் பார்த்துச் சிரிக்காதவன் ரஸிகனா என்று நான் கேட்கிறேன். ராமாக வரும் விஜய் சேதுபதி அந்தக் கூச்சத்தைக் கண்களில் காட்டுவதைவிடத் தோள்களில் காட்டுகிறார் என்பதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள். தோள்கள் இரண்டும் உள்ளே சுருங்கி, அந்த உருவமே பாதியாகக் குறைந்துபோய், ஆதித்யா பாஸ்கர் ஏற்ற சிறுவன் ராமின் அளவுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது விஜய் சேதுபதியைப் பற்றி அன்று. அவரைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் படத்தில் எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. ஜானு சொல்லுகிற பொய் அது. அதைப் பற்றிப் பேசிய பிறகு இடம் மிஞ்சினால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

ராமிடம் புகைப்படக் கலை பயிலும் மாணவர்கள் அன்று இரவு எதிர்பாராமல் எதிர்ப்பட்டு, ஆசானோடு இருக்கும் பெண்மணி அவர் மனைவி என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுத்துச் சொல்ல வேண்டியவள் மறுக்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொண்டு, உங்கள் காதல் கதையைச் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகள் கேட்க, ஜானு சொல்லத் தொடங்குகிறாள். நடந்தது இன்னதென்று நமக்கு அதற்குள் தெரிந்துபோயிருக்கிறது: பள்ளியை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோன ராம், பிற்பாடு அவள் படித்த கல்லூரி வாசலில் வந்து காத்திருந்தான், வந்திருப்பது வேறொருவன் என்று தவறாக எண்ணி, முகம் பாராமலே அவள் திருப்பி அனுப்பிவிட்டாள், அந்த ஒரு வாய்ச்சொல்லில் இரண்டு ஜீவிதங்கள் திசை மாறிவிட்டன. இப்போது மேசைமுன் அமர்ந்து அவள் சொல்லுகிற கதையில் அந்தத் தவறு நிகழவில்லை. அவள் அவனை அறிந்துகொண்டுவிடுகிறாள். அவன் திரும்பிப் போகவில்லை. மேற்கொண்டு நடக்க வேண்டியவை எல்லாம் நடந்துவிட்டன.

இதைக் கேட்பவர் மூவகையினர். மாணவர்கள் அத்தனையையும் நம்புகிறார்கள். அவர்களுள் ஆசானிடம் சற்றே மனம் சாய்ந்திருந்த பெண்ணாக வரும் வர்ஷா பொல்லம்மாவின் முகத்தில் அந்த நம்பிக்கை சிறிது வலியோடு கலந்து படிகிறது. ராம் ஒரு சொல்லையும் நம்ப முடியாதவன். ஆயினும் அவன்தான் எல்லோரிலும் அதிகமாக நம்ப ஆசைப்படுகிறான். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நாமோ, பொய்யென்று தெரிந்தும், எங்கே இவள் உண்மையைச் சொல்லிவிடப் போகிறாளோ என்று அஞ்சிக்கொண்டிருக்கிறோம். ‘நெவர் பீன் கிஸ்ட்’ நாயகி சொல்லும் பொய் வெளிப்பட வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். வெளிப்பட்டால்தான் அவளுக்குக் கல்யாணம். ஜானுவின் பொய் வெளிப்படாமலே இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அது வெளிப்படாமலிருக்கும் சில நிமிஷங்களுக்குத்தான் இவளுக்குக் கல்யாணம். வேஷப் படங்களெல்லாம் இரண்டு மணி நேரம் முயன்றும் எட்டாத ஒரு சிகரத்தை, ஒரு மேசையும் நான்கைந்து நாற்காலிகளும் வைத்துக்கொண்டு எட்டிப்பிடித்த காட்சி இது.

இந்தக் காட்சியின் பெருமையை ஜானுவாக நடித்த திரிஷாவுக்கே முழுமையாகச் சூட்டிவிடுகிறவர்களோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. முகம் திரிஷாவினுடையது, அந்த முகத்தின் அடக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். குரல் சின்மயியினுடையது. 2010-இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்தில் ஜெஸ்ஸிக்கும் இவ்விருவருமே ஒருவர் முகமும் மற்றொருவர் குரலுமாகச் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள். ஜெஸ்ஸியின் குரலில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. வேண்டுமென்பதையும் வேண்டாமென்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகிறவளின் குரல் அது. ஜானுவுக்கு வந்தபோது அதே தொண்டை வேறொரு பிராயத்தை அடைந்துவிட்டிருக்கிறது. பொய் சொல்லுகிறவளிடம் எதிர்பார்க்கத்தக்க படபடப்பு அதில் துளியும் இல்லை; தன் கல்யாணக் கதையைப் புதியவர்களுக்கு மறுபடியும் சொல்ல நேர்ந்த இல்லத்தரசியின் இலேசான அலுப்பும், அந்த அலுப்புக்குள்ளே ஒளித்துவைத்த கர்வமுமாக அது ஒலிக்கிறது. பல ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை போலும் என்று நாம் ஊகிப்பது அந்த அலுப்பினால்தான். நடிகையின் கண்ணைப் பார்த்து ஊகிப்பதற்கு முன்பே நம் காது அதை ஊகித்துவிடுகிறது.

காதுக்கு இவ்வளவு மரியாதை செய்வதற்குக் காரணம் என் ஊர். அட்டப்பாடியில் உள்ள அகளியில் பிறந்தவனுக்குச் சினிமா இரண்டு திசைகளிலிருந்து வரும். சுரம் இறங்கினால் மண்ணார்க்காடு, அங்கே மலையாளப் படம். கோட்டத்தறை, ஆனைகட்டி வழியே கிழக்கே போனால் கோயம்புத்தூர், அங்கே தமிழ்ப் படம். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்து, கடைத்தெருவில் இரண்டையும் கலந்து பேசி, மலைமேல் உள்ள ஊருகளிலிருந்து இறங்கி வருவோரின் இருளமும் முடுகமும் செவியில் விழ நடமாடுகிறவன், ஒருவர் வாயைத் திறந்ததும் முதலில் ஆராய்வது, இந்தக் குரல் எந்தப் பக்கத்துக் குரல் என்பதைத்தான். 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தைப் பார்த்த நாளிலேயே, நாயகி கங்கைக்குப் பேசிய குரலும் அவளுள் எழுந்த நாகவல்லியின் தமிழைப் பேசிய குரலும் ஒரே தொண்டையில் பிறந்தவை அல்ல என்று எங்கள் ஊரில் வாதம் செய்தவர்கள் இருந்தார்கள். மலையாளம் பேசிய கங்கைக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. தமிழ் பேசிய நாகவல்லிக்குக் கொடுத்தவர் துர்கா என்பதை இயக்குநர் பாசில் 2016-இல்தான் எழுத்தில் வெளியிட்டார். இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளாகத் துர்கா என்ற கலைஞருக்குரிய புகழ் ஊர் அறியாமல் கிடந்தது. குரல் கொடுக்கிறவர்களை இந்தத் தொழில் நடத்துகிற முறை அது. ‘96’ வெளிவந்த சில வாரங்களுக்குள் சின்மயியும் குரல் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதன் நியாய அநியாயங்களை விரித்துரைப்பது என் நோக்கமன்று. ஒரு ரஸிகனுடைய கணக்கில், ஜானுவைப் பேசவைத்த குரல் அதற்குப் பின் நெடுங்காலம் தமிழ்த் திரையில் பிற நாயகிகளைப் பேசவைக்காமல் போயிற்று. அந்த நஷ்டம் நம்முடையது.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஜானு பாடுகிறவள். எஸ். ஜானகியின் பெயரையே பெயராகக் கொண்டவள். நம் படங்களில் நாயகி ஒரு குரலில் பேசிவிட்டு, பாட்டு வந்ததும் வேறொரு குரலுக்குத் தாவுவதை நாம் தலைமுறை தலைமுறையாகச் சகித்து வந்திருக்கிறோம். ‘96’ படத்தில் பேசுகிற குரலும் பாடுகிற குரலும் ஒன்று. எனவே, பள்ளி நாள் முதல் ராம் கேட்டுக் கேட்டு அவள் பாட மறுத்து வந்த அந்தத் ‘தளபதி’ படத்துக் கண்ணன் பாட்டை, அவனுடைய வீட்டில் மின்சாரம் நின்றுபோன இருட்டில் அவள் எடுக்கும்போது, பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிக்க முடிவதில்லை. பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. இருட்டில் விளக்கைத் தேடிக்கொண்டு தட்டுத் தடுமாறி ஓடிவருகிற ராமைப் பார்த்து அழுகிறவர்கள் அழட்டும். எனக்கு அந்த ஓட்டம், மணி அடித்த பிறகு வகுப்புக்கு ஓடிவரும் பையனின் ஓட்டமாகவே படுகிறது. தம் பழைய பாடல்களை இந்தப் படத்தில் எடுத்தாண்டதை 2019-இல் ஒரு பேட்டியில் இளையராஜா கண்டித்தார். அவர் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தொண்ணூறுகளில் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பாடத் தெரிந்த ஒரு பெண் இளையராஜாவின் பாட்டைப் பாடாமல் வேறு எதைப் பாடியிருப்பாள்? புதிய மெட்டுக்களுக்குக் குறைவைக்காத இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா, அந்த ஓரிடத்தில் தம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றது அடக்கம் என்றே நான் சொல்லுவேன்.

எங்கள் பக்கத்து மலையாள நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், உடனே லால் ஜோஸின் ‘கிளாஸ்மேட்ஸ்’ படத்தைக் கொண்டுவந்து எதிரே வைத்துவிடுவார்கள். 2006-இல் வந்த அந்தப் படமும் பழைய மாணவர் கூட்டத்தில்தான் தொடங்குகிறது, நல்ல படம், ராதிகா ஏற்ற ரஸியாவை மறக்க யாரால் முடியும்? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு கொலை முயற்சியும் ஒரு மர்மமும் வந்து புகுந்துகொண்டுவிடுகின்றன. கல்லூரிக்குத் திரும்பியவர்கள் திரும்பிய சுகத்தை அனுபவிப்பதற்கு முன்பே, யார் செய்தது என்ற கேள்வி அவர்களைத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. தமிழ் நண்பர்கள் எடுத்து வைப்பது சேரனின் ‘ஆட்டோகிராஃப்’. கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய இடங்களுக்கெல்லாம் போகும் செந்திலின் யாத்திரையில், பள்ளிக்கூடமும் கேரளத்து லத்திகாவும் வரும் பகுதிகள் எனக்கும் உகந்தவையே. இருந்தும் அங்கே நாயகன் தன் ஞாபகங்களைத் தானே எடுத்துரைத்து, அவற்றின் சோகத்தைத் தானே மதிப்பிட்டுக்கொண்டும் போகிறான். ராம் மதிப்பிடுவதில்லை. மைதெளித்த பள்ளிச் சட்டையைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. அந்தத் தெரியாமையில் பிறக்கிற சிரிப்பு செந்திலிடம் கிடைக்காது.

துணைப் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளித் தோழி சுபாவாகத் தேவதர்ஷினியையும், சிறு வயதுச் சுபாவாக அவருடைய மகள் நியதியையுமே போட்டது எத்தனை பேர் கவனத்துக்கு வந்ததோ அறியேன். காலம் கடந்ததைக் காட்டுவதற்குப் பிறர் நரைமயிரும் சுருக்கமும் ஒட்டவைப்பார்கள், பிரேம்குமார் ஒரு தாயையும் மகளையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். ஜனகராஜ் வருவது சொற்ப நேரம். ‘நாயகன்’ முதல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வரையில் அந்தக் குரல் எழும்பியபோதெல்லாம் கொட்டகை குலுங்கியதை நேரில் கேட்டவர்களுக்கு, பள்ளி வாசலில் அவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதே போதுமானதாக இருக்கிறது. நள்ளிரவுக்குச் சற்று முன்னே ராமின் தாடியைத் திருத்துகிற நாவிதராகக் கவிதாலயா கிருஷ்ணன். இப்படி இரண்டு நிமிஷம் வந்து நின்று ஒரு ஜீவனை நட்டுவிட்டுப் போகத்தக்க நடிகர்களை இன்றைய இயக்குநர்கள் தேடுவதில்லை. நாயகனுக்குப் பக்கத்தில் ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் ஹாஸ்யம் பூர்த்தியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மலையாளத் திரையில் இந்திரன்ஸ் என்ற அபூர்வ ஹாஸ்ய நடிகரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போய், உடையலங்காரத்தின் வழியே நடிப்புக்கு வந்து, மாநில விருதும் பெற்ற அந்த மனிதர், அறுபது வயதைக் கடந்த பிறகு எழுத்தறிவு இயக்கமாகிய சாக்ஷரதா மிஷனின் வகுப்பில் சேர்ந்து, 2024-இல் ஏழாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறினார். வேஷமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியவர் நம் கண்ணெதிரிலேயே ஒருவர் இருக்கிறார். அவருக்காக ஒரு காதல் கதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் அட்டப்பாடிக்குப் படக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இரண்டு ஆண்பிள்ளைகள் முறுக்கிக்கொண்டு மோதுவதற்கான இடமாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். 2020-இல் சச்சி எடுத்த ‘அய்யப்பனும் கோஷியும்’ அருமையான படம். நஞ்சியம்மாவின் பாட்டுக்குத் தேசிய விருது வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. இருந்தாலும் பவானியும் சிறுவாணியும் ஓடுகிற பூமியில், இரண்டு பாஷையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் யாருக்கேனும் தென்பட்டிருக்கலாம்.

‘96’ வந்த பிறகு, பழைய மாணவர் கூட்டம் என்பது ஒரு தொற்றாகவே பரவிற்று. எங்கள் பக்கத்திலும் கூடினார்கள். ஒலிபெருக்கி, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, தலைமையாசிரியர்களின் நீண்ட வாழ்த்துரை. ஒரே வண்ணத்தில் அத்தனை பேருக்கும் சட்டை. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள், படத்தில் அந்தக் கூட்டம் எவ்வளவு சீக்கிரமாக முடிந்துபோகிறது என்பதை மறந்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து இருவர் நழுவுவதில்தானே கதையே தொடங்குகிறது? போதாக்குறைக்கு, கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, வெளிவந்து ஒரு மாதம் ஆன மாத்திரத்தில், அந்தத் தீபாவளிக்கே படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பிவிட்டார்கள். திரிஷா பகிரங்கமாக ஆட்சேபித்தும் பயனில்லை. அந்த மேசைக் காட்சியில் நிலவும் அமைதியை, பட்டாசுச் சத்தத்துக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே முதன்முதலாகக் கேட்க நேர்ந்தவர்களுக்காக நான் பரிதாபப்படுகிறேன். அவர்கள் அழுதுகொண்டே பார்த்ததில் ஆச்சரியமில்லை. சிரிப்பைக் கேட்கத்தான் நிசப்தம் வேண்டும்.

கன்னடத்தில் ‘99’ என்றும், தெலுங்கில் பிரேம்குமாரே இயக்க ‘ஜானு’ என்றும் இந்தக் கதை மறுபடியும் எடுக்கப்பட்டது. தெலுங்கில் சர்வானந்தும் சமந்தாவும் குறைவைக்கவில்லை. இயக்குநர் அவரே, இசையும் கோவிந்த் வசந்தாவே. எனினும் அந்தப் பொய்யை அங்கே கேட்டபோது, நாடகத்தில் நன்றாகப் பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறதைக் கேட்பதாகவே எனக்குத் தோன்றிற்று. அலுப்பு இல்லை, அலுப்பு இல்லாததால் கர்வமும் இல்லை.

பிரேம்குமார் தம் அடுத்த தமிழ்ப் படத்தை எடுப்பதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. 2024-இல் வந்த ‘மெய்யழகன்’ படத்தைக் காதல் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் பள்ளிப் பருவத்துக்குத் திரும்புகிற ஹாஸ்யம் அதிலும் தொடர்கிறது என்பது என் கட்சி. 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, அரவிந்த்சாமியாக ஒரு கல்யாணத்துக்குத் திரும்பி வர, அவனை அத்தான் அத்தான் என்று சுற்றிச் சுற்றி வருகிற கார்த்தியின் பெயர் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். தெரிந்ததுபோல நடித்துக்கொண்டே ஓர் இரவு முழுதும் அவனோடு சாப்பிட்டு, பேசி, ஊர் சுற்றித் தீர்க்கிறான். மறுபடியும் ஒரு பொய். மறுபடியும் பிறர் மனம் நோகாதபடிக்குச் சொன்ன பொய். மறுபடியும் ஓர் இரவு. ஜானு தன் ஆசைக்காகச் சொன்னதை இவன் தன் வெட்கத்துக்காகச் சொல்லுகிறான். இந்தப் படத்திலும் தேவதர்ஷினி இருக்கிறார், அருளின் மனைவியாக. அவர் இருக்கிற வீட்டில் பொய் நெடுநேரம் நிற்காது என்று ‘96’ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் படத்துக்கு நேர்ந்த கதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீளம் மிகுதி என்று சிலர் சொன்னதைக் கேட்டு, வெளிவந்த சில நாளிலேயே ஏறத்தாழ 18 நிமிஷங்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஓர் இரவு முழுதும் பேசிக்கொண்டிருப்பதே கதை என்னும்போது, அதில் அதிகப்படியான நிமிஷம் எது என்று கத்தரிக்கோலைப் பிடித்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ‘96’ இன்று வெளிவந்திருந்தால் அந்த மேசைக் காட்சிக்கும் இதுவே நேர்ந்திருக்கும். கதை நகரவில்லை என்று முதலில் அதைத்தான் எடுத்திருப்பார்கள். கோயம்புத்தூரில் வெட்டுப்பட்ட பிரதியையே பார்க்க வாய்த்த நான், முழுப் பிரதியை முதல் நாளே பார்த்துவிட்ட என் தங்கை மகனிடம் ஒவ்வொரு காட்சியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் கார்த்தியைப் போலவே பேசிக் காட்டினான், நன்றாகத்தான் பேசினான்.